கல்யாண மண்டபத்தின் அவசர வழிகள்: அளப்பதும் திறந்து வைப்பதும்

முகூர்த்த நாளன்று ஒரு கல்யாண மண்டபத்தைச் சுற்றி வந்து, எத்தனை கதவு நிஜமாகத் திறக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அனுமதி வரைபடத்தில் நான்கு இருக்கும். ஒன்று மேடை அலங்காரத்துக்குப் பின்னால் போயிருக்கும். ஒன்றின் முன்னால் பிளாஸ்டிக் சேர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். இன்னொன்றின் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் பார்க்கிங்கில். மிச்சம் இருப்பது வாழைமரமும் வரவேற்பு வளைவும் கட்டிய முன்வாசல் மட்டும்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மேல்தளத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆறு மாதம் கழித்து, ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் கீற்றுக் கூரை போட்ட பள்ளியில் 94 குழந்தைகள். இன்று மண்டபங்களில் கீற்று குறைந்துவிட்டது. அதன் இடத்தில் திரைத்துணி, தெர்மாகோல், ஃபோம், செயற்கைப் பூ வந்திருக்கின்றன. இவையும் வேகமாக எரியும். கரும்புகையை இன்னும் அதிகமாகக் கக்கும். ஆகவே மக்கள் வெளியேறக் கிடைக்கும் நேரம் முன்பைவிடக் கூடிவிட்டதாக எண்ண வேண்டாம்.

கீழே உள்ள அளவுகளுக்கு அடிப்படை இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, பகுதி 4. அது விரிவாகச் சொல்லாத சில இடங்களில் அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 101 தரநிலையின் அளவைக் கொடுத்திருக்கிறோம். உங்கள் உரிமத்திலோ தீயணைப்புத் துறையின் சான்றிலோ இதைவிடக் கடுமையான நிபந்தனை இருந்தால் அதுதான் செல்லும். வேலைக்குத் தேவையானவை: 5 மீட்டர் டேப் ஒன்று, 30 மீட்டர் டேப் ஒன்று, சாக்பீஸ், டார்ச், ஒரு நோட்டு.

முதலில் ஆள் கணக்கு

கதவு போதுமா என்ற கேள்விக்கு முன்னால், எத்தனை பேருக்கு என்று தெரிய வேண்டும். பத்திரிகை எத்தனை அடித்தார்கள் என்பதோ ‘800 பேர் உட்காரலாம்’ என்ற விளம்பரமோ இதற்கு உதவாது. தளத்தின் பரப்பை வைத்துத்தான் கணக்கு.

தனித்தனிச் சேர் போட்டு நெருக்கமாக உட்காரும் ஹாலுக்கு ஒரு ஆளுக்கு 0.65 சதுர மீட்டர். மேசை போட்டுச் சாப்பிடும் இடத்துக்கு 1.8 சதுர மீட்டர். 30 மீட்டருக்கு 18 மீட்டர் ஹால் என்று வைத்துக்கொள்வோம். 540 ச.மீ. மேடைக்கு 60 போனால் 480. அதை 0.65-ஆல் வகுத்தால் 738 பேர்.

சமதளக் கதவுக்கும் நடைவழிக்கும் ஒரு ஆளுக்கு 6.5 மி.மீ. அகலம் வேண்டும். 738 பேருக்கு 4,797 மி.மீ., ஏறக்குறைய 4.8 மீட்டர். இது மொத்த அகலம்தான். இதோடு இன்னும் மூன்று நிபந்தனைகள் சேரும். மக்கள் கூடும் கட்டடத்தில் வெளியேறும் கதவு ஒவ்வொன்றும் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது, உயரமும் 2 மீட்டராவது வேண்டும். 500 பேரைத் தாண்டினால் குறைந்தது மூன்று வழி, 1,000-ஐத் தாண்டினால் நான்கு. அந்த வழிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டு வழிகளுக்கு இடையிலான தூரம் ஹாலின் மூலைவிட்டத்தில் பாதியாவது இருக்க வேண்டும். நம் உதாரண ஹாலின் மூலைவிட்டம் 35 மீட்டர், பாதி 17.5. முன்வாசலை ஒட்டி இடமும் வலமும் இரண்டு கதவு வைத்துவிட்டு ‘மூன்று வழி இருக்கிறது’ என்று சொல்லும் மண்டபங்கள் இங்கேதான் தோற்கின்றன. முன்பக்கம் தீப்பிடித்தால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும்.

ஆக இந்த ஹாலுக்கு 2 மீட்டரில் மூன்று கதவு, மொத்தம் 6 மீட்டர். ஒன்று அடைபட்டால் மிச்சம் 4 மீட்டர். அது 615 பேருக்குத்தான் காணும். அதனால் நான்காவது கதவு ஒன்றைப் போட்டுவிடுங்கள், அல்லது சேர் எண்ணிக்கையை 600-ல் நிறுத்துங்கள்.

இன்னொன்று. தீ என்று கேட்டதும் ஜனங்கள் பக்கத்துக் கதவைத் தேட மாட்டார்கள், வந்த வழிக்கே ஓடுவார்கள். இதை முன்வைத்துத்தான் என்.எஃப்.பி.ஏ. 101 மொத்தக் கூட்டத்தில் பாதியையாவது முன்வாசல் தாங்க வேண்டும் என்கிறது. 738-ல் பாதி 369, அதற்கு 2.4 மீட்டர். வரவேற்பு வளைவு, பன்னீர் தெளிக்கும் மேசை, செருப்புக் குவியல் எல்லாம் போக 2.4 மீட்டர் மிஞ்சுகிறதா என்று அளந்து பாருங்கள்.

கடைசியாக, ஹாலின் எந்தச் சேரிலிருந்து புறப்பட்டாலும் 30 மீட்டருக்குள் ஒரு வழி வந்துவிட வேண்டும். டேப்பை நேராக இழுக்காமல், சேர் வரிசைகளைச் சுற்றி நடக்கும் தடத்திலேயே அளக்க வேண்டும். முட்டுச்சந்து போல முடியும் நடைவழி 6 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. மணமகள் அறை, ஸ்டோர் ரூம் இருக்கும் பக்கவாட்டு வராந்தாக்கள் இந்த விதியில் அடிக்கடி மாட்டும்.

ஹால் மாடியில் இருந்தால்

கீழே பந்தி, மேலே ஹால் என்று கட்டியிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். படியில் இறங்குவது மெதுவாகத்தான் நடக்கும்; ஒரு ஆளுக்கு 10 மி.மீ. அகலம் வேண்டும். அதே 738 பேருக்கு 7.4 மீட்டர் படிக்கட்டு, அதாவது 2 மீட்டரில் நான்கு. பெரும்பாலான மண்டபங்களில் முன்பக்கம் அழகான அகலப் படி ஒன்றும் பின்பக்கம் சமையல்காரர்கள் ஏறி இறங்கும் ஒல்லிப் படி ஒன்றும்தான் இருக்கும். லிஃப்டையும் எஸ்கலேட்டரையும் கணக்கில் சேர்க்கவே கூடாது. புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரே யோசனைதான்: ஹாலைக் கீழே வையுங்கள், பந்தியை மேலே கொண்டுபோங்கள்.

பந்தி மேலே போனாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 15-க்கு 12 மீட்டர் சாப்பாட்டு ஹால் 180 ச.மீ.; 1.8-ஆல் வகுத்தால் 100 பேர். ஆனால் நம் ஊர்ப் பந்தியில் சாப்பிடுகிறவர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்கு ஒருவர் நிற்பார். உள்ளே இருப்பது 200. படியில் வரிசை நிற்பவர்கள் தனி. ஆகவே 200 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 2 மீட்டர் படி. காத்திருப்போருக்குக் கீழ்த்தளத்தில் சேர் போட்டு, ஒரு பந்தி எழுந்து இறங்கிய பிறகு அடுத்த பந்தியை மேலே விடுங்கள். பரிமாறுகிறவர்களுக்கும் இதுதான் வசதி.

கதவு

கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். 1942-ல் பாஸ்டனின் கோகோநட் குரோவ் இரவு விடுதித் தீயில் 492 பேர் இறந்தனர். அங்கே முன்வாசலின் சுழல்கதவு நெரிசலில் இறுகி நின்றுவிட்டது. உட்புறமாகத் திறக்கும் கதவை நெருக்கிய கூட்டமே அதைத் திறக்க முடியாதபடி அடைத்தது. முன்னால் நிற்பவர் பின்வாங்க இடமே இல்லாதபோது, கதவைத் தன் பக்கம் இழுக்க அவரால் முடியாது. உருட்டுக் கதவும் பக்கவாட்டில் நகரும் கதவும் வெளியேறும் வழியாகக் கணக்கில் வராது. ஷட்டர் இருக்கத்தான் வேண்டுமென்றால், விசேஷம் தொடங்குமுன் முழுக்க மேலேற்றி, இறங்காதபடி பின் போட்டுப் பூட்டுங்கள். மடக்கு கேட்டையும் அப்படியே திறந்த நிலையில் பூட்டி வையுங்கள். திறந்தாலும் அதன் மடிப்பு ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் அகலத்தைத் தின்னும், அதைக் கழித்துவிட்டு அளவிடுங்கள்.

அளக்கும்போது நிலைக்கு நிலை அளக்காதீர்கள். கதவை 90 பாகைக்குத் திறந்து, கதவுப் பலகையின் முகத்திலிருந்து எதிர்ப்பக்கம் ஆள் உடம்பு படும் முதல் இடம் வரை அளக்க வேண்டும்.

இரட்டைக் கதவில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. 2 மீட்டர் வாசல், இரண்டு பலகை; தினசரிப் புழக்கத்துக்கு ஒரு பலகைதான் திறக்கும். மற்றதன் மேலும் கீழும் டவர் போல்ட் போட்டிருக்கும். மேல் போல்ட் இரண்டு மீட்டருக்கும் மேலே, பெயின்ட் ஒட்டி, துருவேறி, ஸ்டூல் போட்டு ஏறிச் சுத்தியலால் தட்டினால்தான் இறங்கும். வரைபடத்தில் 2 மீட்டராக இருக்கும் கதவு நடைமுறையில் 1 மீட்டர்தான். 738 பேர் கணக்கை இந்தக் கண்ணோடு திரும்பப் போட்டால் பல மண்டபங்களில் பாதிக்குப் பாதி குறையும்.

இதற்கு மாற்று பேனிக் பார் என்ற தள்ளுகம்பி. கதவின் குறுக்கே ஓடும் கம்பியின் எந்த இடத்தில் உடம்பு பட்டாலும் தாழ் விடுபடும். சாவி, கைப்பிடி, பழக்கம் எதுவும் வேண்டாம். வாங்கிப் பொருத்தும்போது பார்க்க வேண்டியவை:

தரையிலிருந்து 86 முதல் 122 செ.மீ. உயரத்துக்குள் கம்பி வர வேண்டும். 67 நியூட்டன், அதாவது சுமார் 7 கிலோ அழுத்தத்துக்குள் தாழ் விட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை இரண்டு கையாலும் தள்ளிக் கதவு திறக்கவில்லையென்றால், கீலையோ தாழையோ சரிசெய்ய வேண்டும்.

இரட்டைக் கதவென்றால் இரண்டு பலகைக்கும் தனித்தனிக் கம்பி. மேலும் கீழும் இறங்கும் தாழ்த்தண்டு உள்ள வகையில், கீழ்த்தண்டு தரையில் உள்ள குழிக்குள் உட்காரும். அட்சதை, கோலமாவு, உதிர்ந்த பூ, துடைத்த தண்ணீர் எல்லாம் போய்ச் சேரும் இடம் அந்தக் குழிதான். அது நிறைந்தால் கீழ்த்தண்டு அரைகுறையாக நின்று தரையை உரசும், கதவு கனக்கும். வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். கீழ்க்குழியே வேண்டாத, மேலே மட்டும் பூட்டும் வகை கிடைத்தால் மண்டபத்துக்கு அதுவே நல்லது.

பழைய மரக் கதவுகளில் ஒரு பலகையின் விளிம்பு மற்றதன் மேல் ஏறி உட்காரும்படி செதுக்கியிருப்பார்கள். மேலே ஏறிய பலகை முதலில் திறந்தால்தான் அடுத்தது திறக்கும். கூட்டம் எந்தப் பலகையை முதலில் தள்ளும் என்று யார் சொல்ல முடியும்? தச்சரை அழைத்து அந்த விளிம்பை நேராக இழைத்துவிடுங்கள்.

தள்ளுகம்பி போட்ட கதவில் பிறகு ஒரு சங்கிலியும் பூட்டும் ஏறுவதும் உண்டு. மொய்ப் பணம், நகை, திருட்டுப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அதற்குப் பேட்டரியில் ஓடும் கதவு அலாரம் இருக்கிறது. யாராவது திறந்தால் அலறும், ஆனால் தடுக்காது. வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லாமல் விட்டால் வெளியிலிருந்து யாரும் நுழையவும் முடியாது.

ஏசி ஹால்களின் கண்ணாடிக் கதவில் பூட்டு காலடியில் இருக்கும். புகையில் குனிந்து அதைத் தேட யாராலும் முடியாது. விசேஷ நேரத்தில் அந்தப் பூட்டு திறந்தே இருக்க வேண்டும். கண்ணாடியில் கண் மட்டத்தில் பட்டை ஒட்டுங்கள். வெளியேறும் கதவிலோ அதன் பக்கத்திலோ முகக்கண்ணாடி மாட்டக் கூடாது. எது வழி, எது பிம்பம் என்று குழம்பும்.

நிலைவாசல் படி நம் வழக்கம்தான், ஆனால் அவசர வழியில் அது கால் தட்டும் கல். முன்வாசலில் வேண்டுமானால் இருக்கட்டும், இருபுறமும் சரிவு வைத்து. மற்றக் கதவுகளில் தரைமட்டமாக்கிவிடுங்கள். கதவைத் திறந்ததும் உடனே படி இறங்கவும் கூடாது. கதவின் அகலத்துக்காவது சமதளம் இருந்த பிறகே படி.

கதவைத் தாண்டிய பிறகு

வெளியேறும் வழி தெருவில் அல்லது தெருவுக்குத் திறந்த இடத்தில் போய் முடிய வேண்டும். பின்கதவைத் திறந்தால் சமையல் கொட்டகை, அதைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர், அதில் பூட்டிய கேட் என்றால் அது வழியே அல்ல. சமையல் கட்டு வழியாகப் போகும் எதையும் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். தீ தொடங்க வாய்ப்பு அதிகமுள்ள இடமும் அதுதான்.

சிலிண்டர்களைப் படிக்கட்டு அருகிலோ கீழ்த்தளத்துக்கு இறங்கும் சரிவின் பக்கத்திலோ வைக்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தைத் தேடி ஓடித் தேங்கும்.

பக்கக் கதவுக்கு வெளியே கார் நிறுத்துவது எல்லா மண்டபத்திலும் உண்டு. கார் ஒட்டி நின்றால் வெளிப்புறமாகத் திறக்கும் கதவு ஒரு சாண்கூடத் திறக்காது. மஞ்சள் கோடு மட்டும் போதாது, கார் ஏறாதபடி இரும்புக் குத்துக்கால் நடுங்கள். நடந்து போகிறவருக்கு இடைவெளி விட்டு.

படிக்கட்டு

மக்கள் கூடும் கட்டடத்தில் அகலம் 2 மீட்டர். 150 பேருக்குள் என்றால் 1.5 மீட்டர். மிதிபடி 300 மி.மீ.க்குக் குறையாமல், படி உயரம் 150 மி.மீ.க்கு மிகாமல். பட்டுப்புடவையும் கையில் குழந்தையுமாக இறங்குகிறவர்களுக்கு இந்த அளவு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு படி மற்றவற்றைவிட உயரமாக இருந்தாலும் அங்கேதான் விழுவார்கள். புதிதாக டைல்ஸ் ஒட்டும்போது முதல் படியும் கடைசிப் படியும் இப்படித்தான் கெடுகின்றன. எல்லாப் படியையும் அளந்துவிடுங்கள்.

படிக்கட்டு அறைக்குள் மின் பேனலும் எரிவாயுக் குழாயும் இருக்கக் கூடாது. நம் ஊரில் மீட்டர் போர்டுக்கு முதலில் கிடைக்கும் இடமே படிக்கட்டின் அடிப்பகுதிதான். மிச்ச இடத்தில் ஜமுக்காளம், உடைந்த சேர், திரைத்துணி. கீழே ஒரு பொறி விழுந்தால் படிக்கட்டு புகைபோக்கியாகிவிடும். சாமானை இன்றே காலி செய்யலாம். போர்டை இடம் மாற்றச் செலவாகும், மின்வாரியத்தில் விண்ணப்பமும் வேண்டும். அதுவரை மற்ற படிக்கட்டைத்தான் முதல் வழியாகக் காட்ட வேண்டும்.

படிக்கட்டு அறைக்குள் திறக்கும் கதவு 120 நிமிடம் தீ தாங்கும் வகையாக, தானே மூடிக்கொள்ளும் டோர் குளோசருடன் இருக்க வேண்டும். சாப்பாடு தூக்கி வருகிறவர்கள் அதற்குச் செங்கல் முட்டுக் கொடுப்பார்கள். செங்கல்லை எடுத்தால் மறுநாள் வேறு செங்கல் வரும். மின்காந்தத்தால் திறந்து நின்று, அலாரம் அடித்ததும் தானே விடுபட்டு மூடும் பிடிப்பான் போட்டால் இந்தச் சண்டை தீரும்.

விசேஷ நாள் காலை

முன்பதிவுப் படிவத்திலேயே மூன்று வரி அச்சடியுங்கள்: அதிகபட்ச ஆள் எண்ணிக்கை, எந்தக் கதவையும் வழிகாட்டும் பலகையையும் அலங்காரம் மறைக்கக் கூடாது, நடைவழியில் சேர் கூடாது. கூடுதல் சேர்தான் கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் கெடுக்கும். 1997-ல் 59 பேர் இறந்த டெல்லி உபகார் திரையரங்கில், பால்கனியில் கூடுதலாகப் போட்ட இருக்கைகள் ஒரு பக்கத்து வழியையே அடைத்திருந்தன.

அலங்காரக்காரர் முதல்நாள் இரவு வருவார், வேலை முடிய விடியும். ஆகவே சோதனையை அவர் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மண்டப மேனேஜர் ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து தள்ளித் திறந்து, வெளியே இறங்கி, தெரு வரை நடந்து வர வேண்டும். கதவைப் பார்த்துவிட்டு டிக் அடிப்பது சோதனையாகாது. நடைவழியை 1.2 மீட்டருக்குக் குறையாமல் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். சேர்களை மூன்று மூன்றாகவோ அதற்கு மேலோ சேர்த்துக் கட்டினால் நெரிசலில் உருண்டு காலில் சிக்காது. வீடியோக்காரரின் வயர் நடைவழியைக் கடந்தால் மேலே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருகிற பெரியவர்களைக் கதவுக்குப் பக்கத்து வரிசையில், சரிவுப் பாதை உள்ள பக்கம் உட்கார வையுங்கள்.

கதவுக்கு ஒருவராக ஆள் நியமியுங்கள். அவருக்கு அன்று வேறு வேலை கொடுக்கக் கூடாது. கெட்டிமேளம் முழங்கும்போது தீ அலாரம் யார் காதிலும் விழாது. அலாரம் அடித்தால் ஒலிபெருக்கியின் மின்சாரம் துண்டாகும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி ரிலே போடச் சொல்லுங்கள், பளிச்சிடும் விளக்கும் சேர்த்து. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் சுவிட்ச் இல்லை. மேடைப் பக்கத்து ஆள் போய்த் தோளைத் தொட்டு நிறுத்த வேண்டும். கையில் பேட்டரி மெகாபோன் இருக்கட்டும். அறிவிப்பு சுருக்கமாக: “எல்லோரும் எழுந்து பக்கத்துக் கதவு வழியாக வெளியே போங்கள். சாமான்களை எடுக்க வேண்டாம்.” 101-க்கோ 112-க்கோ யார் கூப்பிடுவது என்பதும் காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால், அடுத்தவர் கூப்பிட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

விளக்கு

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று அவசர விளக்கை விட்டுவிடாதீர்கள். ஜெனரேட்டர் எடுப்பதற்குச் சில விநாடிகள் ஆகும். தீ அதன் கேபிளிலேயே இருந்தால் எடுக்கவே எடுக்காது. ஒவ்வொரு வெளியேறும் கதவின் மேலும், நடைவழித் திருப்பத்திலும், படியின் ஒவ்வொரு திருப்பு மேடையிலும் தன் பேட்டரியில் எரியும் விளக்கு வேண்டும். வழியின் நடுக்கோட்டில் தரைமட்டத்தில் 10 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், 90 நிமிடம் தொடர்ந்து. கைபேசிச் செயலிகளை இந்த அளவுக்கு நம்ப முடியாது, சின்ன லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வழிகாட்டும் பலகை பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, ஓடும் மனிதன் படம், கூடவே தமிழில் ‘வெளியே செல்லும் வழி’. உள்ளிருந்து எரியும் பலகையாக இருக்கட்டும். கதவின் மேல் மட்டும் மாட்டினால் புகை முதலில் மறைப்பது அதைத்தான். புகை கூரையிலிருந்து கீழே இறங்கும். இருட்டில் ஒளிரும் பட்டையை முழங்கால் உயரத்திலும் ஒட்டுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விசேஷம் இல்லாத இரவில், மெயின் சுவிட்சை அணைத்து ஜெனரேட்டரையும் எடுக்க விடாமல் சோதியுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லா விளக்கும் எரியும், அதைப் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டாம். பழைய பேட்டரி இருபதாவது, முப்பதாவது நிமிடத்தில்தான் மங்கும். எந்த விளக்கு எத்தனையாவது நிமிடத்தில் அணைந்தது என்று நோட்டில் குறியுங்கள். 90 தாண்டாத ஒவ்வொன்றுக்கும் புதுப் பேட்டரி போட்டு, அதன் மேல் தேதியை மார்க்கரால் எழுதுங்கள். மெயினை மறுபடி போடுவதற்கு முன்னால், மண்டபத்துக்கு அதுவரை வராத ஒருவரைக் கூட்டிவந்து மணமேடையில் நிற்க வைத்து, ‘வெளியே போங்கள்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறாரோ, அடுத்த பலகையை அங்கே மாட்டுங்கள்.